ஆறு கஜம் வெள்ளைத் துணி

உங்கள் பள்ளியில் இந்த ஆண்டு ஷேக்ஸ்பியர் விழா நடத்தப் போவதாகவும், அதற்குப் பெற்றோரைச் சேர்த்துக் குழு அமைக்கப் போவதாகவும் சொன்னீர்கள். நான் எட்டு முறை அப்படி ஒரு விழாவை நடத்தியவன் என்பதால் என்னிடம் யோசனை கேட்டீர்கள். மேடை எவ்வளவு அகலம் இருக்கவேண்டும், ஒலிபெருக்கியை எந்தத் தூணில் கட்டவேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால் மைக் செட்காரர் சொல்லிவிடுவார். நான் சொல்லக்கூடியது முதல் விழாவில் நான் செய்த ஒரு தவற்றைப் பற்றி. அது மேடையில் நடக்கவில்லை. விழாவுக்கு நான்கு மாதம் முன்னால், ஒரு திங்கட்கிழமை மாலை, பெற்றோர் கூட்டத்தில் நடந்தது. நடந்தபோது அது தவறு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

எழுபதுகளின் முதல் பாதி. மயிலாப்பூரில், குளத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் இருந்த ஆண்கள் உயர்நிலைப் பள்ளி. நான் ஆசிரியர் வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன் நான்கு வருஷம் மவுண்ட் ரோட்டில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில், மற்றவர்கள் எழுதியதைத் திருத்தும் மேஜையில் இருந்தேன். அதனால் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது: எதையும் சுருக்கமாக, தெளிவாக, ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாருக்கும் எல்லாம் புரிந்துவிடும் என்று.

அப்படித்தான் அந்தக் கூட்டத்தை நடத்தினேன். ஒன்பதாம் வகுப்புப் பையன்களின் பெற்றோர் நாற்பது பேர் வந்திருந்தார்கள். விழா ஆங்கில நாடக விழா. ஆகவே நான் ஆங்கிலத்தில் பேசினேன். மூன்று நாடகங்கள், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்துக்குச் சுருக்கப்பட்டவை. எந்தப் பையனுக்கு என்ன வேஷம், எந்த நாடகம் எப்படிப்பட்டது என்று ஒரு பக்கம் தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டிப் பிரதி எடுத்து, ஆளுக்கொன்று கொடுத்தேன். கேள்வி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. எல்லாரும் தலையாட்டினார்கள். கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் கூட்டம் முடிந்தது. தலைமை ஆசிரியர் என் வேகத்தைப் பாராட்டினார்.

அதன்பிறகு பெற்றோர்கள் உதவியது எங்கள் எதிர்பார்ப்பை எல்லாம் தாண்டிவிட்டது. மூன்று பேரை மட்டும் சொல்கிறேன். இந்தக் கதைக்கு அவர்கள் போதும்.

முதலாமவர் வைத்தியநாதன். வங்கி அதிகாரி, சாயங்காலங்களில் சபா நாடகங்களில் நடிப்பவர். அவருடைய மகன் ராகவன், இரண்டாவது நாடகமான ஓர் இளவரசனின் சோகக் கதையில், இளவரசனின் நண்பன் வேஷத்தில். வைத்தியநாதன் தன் சபாவிலிருந்து ஒரு பெட்டி நிறையக் கிரீடங்கள் கொண்டுவந்தார். எல்லாம் புராண நாடகக் கிரீடங்கள். ஐரோப்பிய அரசனுக்கு வைக்கலாம் என்று எடுத்துப் பார்த்தால் நெற்றிப் பகுதியில் பளபளவென்று நாமம். அதைச் சுரண்டி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. "சார், என்ன பண்றது? இந்தக் கிரீடத்தை வெச்சுண்டு நான் முப்பது தடவை தசரதனாச் செத்திருக்கேன்" என்றார். ஒத்திகைகளில் வசனம் எடுத்துக்கொடுக்கும் பொறுப்பை அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டாமவர் பிலோமினா. சாந்தோமைச் சேர்ந்தவர், தொலைபேசி நிலையத்தில் வேலை. அவருடைய மகன் அதே நாடகத்தில் கெட்ட அரசனாக நடித்தான். கழுத்தைச் சுற்றி விசிறி மடிப்பாக வைக்கும் பட்டைகள் இருபத்தைந்து வேண்டும் என்று கேட்டிருந்தோம். ஒரே வாரத்தில் லேஸ் தைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து கொண்டுவந்தார்.

மூன்றாமவர்கள் ஒரு தம்பதி. தி. நகரில் ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய மகன் முத்துக்குமார்தான் எங்கள் இளவரசன். ஐந்தாம் வகுப்பு வரை ஊரில் தமிழ்வழியில் படித்துவிட்டு இங்கே வந்தவன். இங்கிலீஷில் வாயைத் திறந்தால் வகுப்பே சிரிக்கும். ஆனால் குரல் என்றால் அது குரல். கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சாதாரணமாக "பிரசென்ட் சார்" என்று சொன்னால் ஜன்னலுக்கு வெளியே கேட்கும். அவனைத் தேர்ந்தெடுத்தபோது ஆசிரியர் அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். நான்கு மாதத்தில் அவன் அந்த இரண்டு பேரையும் ஒத்திகைக்கு வரவழைத்து, நின்று கேட்க வைத்தான். சிரித்த வகுப்பு அவனிடம் உச்சரிப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தொடங்கியிருந்தது. அந்த வேஷம் அவனுக்கு எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்து உங்களுக்குத் தெரியும்.

அவன் அம்மா செல்லம்மாள். தினமும் மதியம் டிபன் காரியரோடு வருவார். ஒத்திகை முடியும்வரை தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பித்தான் தைப்பார். வசனம் புரியாது. ஆனால் மகன் பேசும்போது ஊசி நின்றுவிடும். அவன் அப்பா முதல் கூட்டத்துக்கு வந்ததோடு சரி, கடையைவிட்டு வரமுடியாதவர். நாங்கள் கொடுத்த பட்டியலைப் பார்த்துத் துணிகளை அவரே கிழித்து, கட்டி, பெயர் எழுதி அனுப்பிவிடுவார். அந்தப் பட்டியலில் பதினான்காவது வரி: வெள்ளை மல் துணி, ஆறு கஜம்.

அது எதற்கு என்று பட்டியலில் எழுதவில்லை.

சனிக்கிழமை மாலை விழா. வியாழக்கிழமை மதியம் முழு உடையோடு கடைசி ஒத்திகை. இளவரசன் நாடகத்தின் முடிவில் இறக்கிறான். எங்கள் மேடை சிறியது என்பதால் மற்றவர்களெல்லாம் மேடைக்கு வெளியே போய்த்தான் இறப்பார்கள். இளவரசன் மட்டும் நடு மேடையில். அன்றைக்குத்தான் முதல்முறையாக வெள்ளைத் துணியை எடுத்துப் போர்த்தினோம். ஒரு பையன் பள்ளித் தோட்டத்துப் பூக்களைப் பறித்துவந்து மேலே போட்டான். அது என் யோசனை. பிறகு நான்கு வீரர்கள் வந்து, தலைக்கு இரண்டு பேர், காலுக்கு இரண்டு பேர், தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்தார்கள்.

பித்தான் டப்பா கீழே விழுந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.

செல்லம்மாள் மேடைமேல் ஏறிவிட்டார். நான்கு வீரர்களும் முத்துவைக் கீழே போட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

"எந்திரில! எந்திரிங்கேன்!"

முத்து எழுந்து உட்கார்ந்தான். அவர் துணியை அவன்மேலிருந்து உருவி, விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார்வாள், இது எங்க கடைத் துணில்லா?"

"ஆமாம்மா. போன வாரம் அனுப்பியது."

"அவுக அப்பா கையால கிழிச்ச துணி. பெத்தவன் கையால கிழிச்ச புதுத்துணிய, உசுரோட இருக்குத புள்ள மேல, செத்தவுகளுக்குக் கோடி போத்துத மாதிரிப் போத்தி, பூவையும் போட்டு, நாலு பேரு தூக்கிட்டுப் போறிய. இது என்ன சார்வாள் நியாயம்?"

"அம்மா, இது நாடகம். கதையில் அவன் கடைசியில் இறந்துவிடுகிறான்."

"சாவுதானா?" என்றார். "எம் புள்ளையா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான்கு மாதமாக அவர் தினமும் வந்து உட்கார்ந்திருந்தார். மகன் ராஜா வீட்டுப் பிள்ளையாக நடிக்கிறான், வாள் வீசுகிறான், எல்லாரும் அவன் பேச்சைக் கேட்கிறார்கள். அதற்குமேல் அவருக்கு யாரும், முத்துவும்கூட, எதுவும் சொல்லவில்லை; ஒத்திகைகளில் அவன் சாய்ந்து கிடந்ததைக் காயம்பட்டுக் கிடப்பதாக நினைத்திருக்கிறார். கணவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஆங்கிலப் பக்கத்தில் எல்லாம் இருந்தது. பத்திரிகையில் ஒருவர் இறந்துபோனால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவோம். நான் நான்கு மாதம் சொல்லாமல் இருந்திருக்கிறேன்.

அவர் மகன் கையைப் பிடித்துக்கொண்டு, அரச உடையோடேயே, பள்ளி வாசலைத் தாண்டிப் போய்விட்டார். வெள்ளைத் துணியையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

இந்த இடத்தில் என்னைப் போன்ற ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு சொற்பொழிவு தொண்டைவரை வரும். கலை வேறு, வாழ்க்கை வேறு; மூடநம்பிக்கை; நானூறு வருஷமாக உலகமெங்கும் நடிக்கிற நாடகம். நான் அதைத் தலைமை ஆசிரியரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்டுவிட்டு, "இதை அந்த அம்மாவிடம் சொல்வீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் என்னிடமும் சொல்லவேண்டாம்" என்றார்.

மறுநாள் காலை, எட்டாம் வகுப்பு அறையில், குழுவில் இருந்த பெற்றோரைக் கூட்டினேன். முத்துவின் அப்பா கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். செல்லம்மாள் வருவாரா என்று சந்தேகமாக இருந்தது. வந்தார். முத்து வாசலில் நின்றான், கண் சிவந்திருந்தது. முந்தின நாள் ராத்திரி சாப்பிடவில்லை என்று அவன் அப்பா என்னிடம் மெல்லச் சொன்னார்.

அன்று நான் முதல்முறையாகப் பெற்றோர் கூட்டத்தில் தமிழில் பேசினேன். கதையை முதலிலிருந்து சொன்னேன். இருபது நிமிடம் ஆயிற்று. யாரும் தலையாட்டவில்லை, நடுவில் நடுவில் கேள்வி கேட்டார்கள். அதிகம் கேட்டவர் செல்லம்மாள்.

"தகப்பனுக்குக் கெடுதல் செஞ்சவன இவன் சும்மா விடலல்லா?"

"விடவில்லை அம்மா."

"பொறவு இவ்வளவு நல்ல புள்ளைய எதுக்குச் சாகடிக்காரு, அந்த எழுதுன ஆளு?"

"அதை அவரைத்தான் கேட்கவேண்டும்."

"இருக்காரா?"

"இல்லை. அவர் போய் ரொம்பக் காலம் ஆயிற்று."

"பாத்தியளா" என்றார் கணவரைப் பார்த்து. அதில் என்ன நிரூபணமாயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அறையில் இருந்த எல்லாரும் அதை ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது.

பிறகு யோசனைகள் வந்தன. நான் முதலில், வேறு ஒரு பையனை அந்தக் கடைசிக் காட்சிக்கு மட்டும் போடலாமா என்று கேட்டேன். பிலோமினா உடனே சொன்னார்: "இப்ப எந்த அம்மா சார் சம்மதிப்பாங்க? நேத்து வரைக்கும் நானே என் பையனுக்கு அந்தப் பார்ட் கிடைக்கலையேன்னு வருத்தப்பட்டேன். இன்னைக்கு வேணாம்னு சொல்றேன்."

"நாலு பேர் தூக்கறதுதானே கஷ்டமா இருக்கு?" என்றார் வைத்தியநாதன். "ஆறு பேரா மாத்திடுங்கோ."

"ஆறு பேர் எங்க வழக்கம் சார்" என்றார் பிலோமினா. "சவப்பெட்டிய அப்படித்தான் தூக்குவோம். எங்க சர்ச் பங்குக்காரங்க முன் வரிசைல உக்காந்திருப்பாங்க. வேணாம்."

"சரி, தூக்கவே வேண்டாம். சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே உயிர் போகட்டும்" என்றேன் நான். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது.

முத்துவின் அப்பா அதுவரை வாய் திறக்காதவர். தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்க தாத்தாவ நாற்காலில உக்கார வச்சுத்தான் எடுத்தோம்" என்றார்.

வைத்தியநாதன் சிரித்துவிட்டார். பிலோமினா சிரித்தார். எல்லாரும் சிரித்தோம், செல்லம்மாளைத் தவிர. எந்த விதமாகக் கிடத்தினாலும், உட்கார வைத்தாலும், அது அந்த அறையில் யாரோ ஒருவருடைய வீட்டு வழக்கமாக இருந்தது.

"மேடைக்குப் பின்னால போய்ச் சாகட்டும். உள்ளேர்ந்து 'ஆ'ன்னு ஒரு குரல் குடுத்தாப் போறும். சபாவில நாங்க அப்படித்தான் முடிச்சுடுவோம்" என்றார் வைத்தியநாதன்.

"வேண்டாம் சார்" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. முத்து. "நான் பேசினது எல்லாம் அங்க வந்து முடியறதுக்குத்தான் சார். உள்ள போய்க் கத்தறதுன்னா எனக்கு வேஷமே வேண்டாம்."

அவன் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்துச் சொன்னான்.

"சரி, சாவட்டும்" என்றார் செல்லம்மாள். "ஆனா வெள்ளத் துணி கூடாது. மூஞ்சிய மூடக்கூடாது. பூ கூடாது. யாரும் தூக்கக்கூடாது. பொறவு..."

"சொல்லுங்கள் அம்மா."

"அவனா எந்திரிச்சு நிக்கணும். எல்லாரும் பாக்க."

"கண்டிப்பாக. திரை விழுந்தபிறகு, மறுபடியும் திரையைத் தூக்கி, நடித்தவர்கள் எல்லாரும் வந்து வணக்கம் சொல்வார்கள்."

"மூடுன பொறவு உள்ள என்ன நடக்குன்னு யாரு கண்டா? எம் புள்ள படுத்துக் கிடக்கையில திரை விழக்கூடாது சார்வாள். அவன் எந்திரிச்சு நின்ன பொறவுதான் விழணும்."

நீங்கள் அந்த இடத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தலைமை விருந்தினர் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர், ஒரு வரி மாறினாலும் பொறுக்காதவர் என்று பெயர் எடுத்தவர். அவர் முன்னால், சோகத்தின் உச்சத்தில், செத்தவன் எழுந்து நிற்கப் போகிறான். அரங்கம் சிரிக்கும். நான்கு மாத உழைப்பு அந்தச் சிரிப்பில் போகும்.

"ஜனங்கள் சிரிப்பார்களே அம்மா" என்றேன்.

"சிரிச்சா சிரிக்கட்டும்."

பத்திரிகையில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. அவசரத்தில் முடிவெடுக்க வேண்டி வந்தால், எந்தப் பிழையை நாளைக்குத் திருத்தம் போட்டுச் சரிசெய்யலாம், எதைச் செய்யமுடியாது என்று மட்டும் பார்ப்பேன். அரங்கம் சிரித்தால் எனக்கு ஒரு வாரம் வெட்கமாக இருக்கும். அவ்வளவுதான். இந்த அம்மா மனத்தில் ஒரு பயம் விழுந்து, அது ஒவ்வொரு முறை பையனுக்குக் காய்ச்சல் வரும்போதும் எழுந்து நின்றால், அதற்கு நான் எந்தப் பக்கத்தில் திருத்தம் போடுவது?

சரி என்றேன். ஏற்பாடு இதுதான்: முத்து தரையில் சாய்ந்து இறப்பான். ராகவன் அரக்கு நிறச் சால்வை ஒன்றை அவன் மார்புவரை போர்த்துவான். பிறகு பன்னிரண்டு வரி பேசி விடைகொடுப்பான். பன்னிரண்டாவது வரி முடிந்ததும் முத்து எழுந்து நின்று, சபையைப் பார்த்துத் தலைகுனிவான். அதன்பிறகு திரை.

சனிக்கிழமை ஐந்தரை மணி. அரங்கு நிறைந்து, ஜன்னல் கம்பிகளிலும் ஆட்கள். முதல் நாடகம் சுமாராகப் போனது. கிரீடம் ஒருமுறை கழன்று விழுந்தது. இரண்டாவது எங்களுடையது. நான் மேடையின் இடது ஓரத்தில், திரைக்கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றேன். கயிற்றைப் பிடித்திருந்தவர் பள்ளி ஊழியர் கன்னியப்பன், பட்டினப்பாக்கத்துக்காரர். எதிர் ஓரத்தில் வைத்தியநாதன், வசனத் தாள்களோடு.

முத்து எப்படி நடித்தான் என்று நான் வர்ணிக்கப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அவன் சாயத் தொடங்கியபோது, முன் வரிசையில் விசிறிக்கொண்டிருந்த கைகள் நின்றுவிட்டன. இத்தனைக்கும் அன்று நல்ல புழுக்கம்.

ராகவன் சால்வையைப் போர்த்தினான். முட்டி போட்டு உட்கார்ந்து பேசத் தொடங்கினான். நன்றாகப் பேசினான். ஒத்திகையில் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. ஏழு வரி. எட்டு வரி. எட்டாவது வரியில் அவன் குரல் தழுதழுத்தது, நின்றது.

நடிப்பு என்று நினைத்தேன். மூன்று எண்ணும்வரை நினைத்தேன். பிறகு அவன் தோள்களைப் பார்த்தேன். மறந்துவிட்டான்.

எதிர் ஓரத்தைப் பார்த்தேன். எடுத்துக்கொடுக்க வேண்டியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அங்கவஸ்திரத்தால் துடைத்துக்கொண்டிருந்தார். மகனின் பேச்சைக் கேட்டு அழுதுகொண்டிருந்தார். தாள்கள் காலடியில் கிடந்தன. (இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு தகப்பனை அவர் மகனுக்கே வசனம் எடுத்துக்கொடுக்க நிறுத்தாதீர்கள்.) எனக்கு அந்த வரிகள் தெரியும். ஆனால் ராகவன் எனக்கு முதுகைக் காட்டிப் பத்து அடி தள்ளி இருந்தான். நான் குரல் கொடுத்தால் அரங்கம் முழுவதும் கேட்கும்.

முத்து அசையவில்லை. பன்னிரண்டாவது வரிக்குக் காத்திருந்தான். மார்பு ஏறி இறங்குவதுகூடத் தெரியக்கூடாது என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதை மிக நன்றாகச் செய்தான்.

"சார், இன்னா சார்? உட்ரவா?" என்றார் கன்னியப்பன்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வைத்தியநாதன் இரண்டு கைகளாலும் ஜாடை காட்டினார். பிறகு பின்படுதாவைச் சுற்றிக்கொண்டு என்னிடம் ஓடியே வந்துவிட்டார். "கர்ட்டனை விடச் சொல்லுங்கோ சார்! எம் பையன் மானம் போறது! இப்போ விட்டா ஒருத்தருக்கும் தெரியாது!"

அவர் சொன்னது உண்மை. அதுதான் அந்தச் சமயத்தில் இருந்த கஷ்டம். திரையை விட்டிருந்தால் அது அழகான முடிவாக இருந்திருக்கும். நண்பன் துக்கத்தில் பேச்சிழந்து நிற்கிறான், திரை. நான்கு வரி குறைந்தது பேராசிரியருக்கு மட்டும் தெரிந்திருக்கும். எழுந்து நிற்பது என்ற சங்கடமும் இல்லாமல் போயிருக்கும். செத்தவன் எழுந்து நிற்காத முடிவைத்தான் நானும் வியாழக்கிழமைவரை விரும்பியிருந்தேன்.

"சார், கை வலிக்குது சார். உட்டுடவா?"

"விடாதே" என்றேன்.

"அவன் படுத்துகினே கீறான் சார்."

"தெரியும். விடாதே."

அதன்பிறகு எத்தனை நொடி என்று என்னால் சொல்லமுடியாது. எண்ணுவதை நிறுத்திவிட்டேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அறைக்குள் உட்கார்ந்து, அந்த அம்மாவின் மொழியில், ஒரு வார்த்தை கொடுத்திருந்தேன். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. இது துணிச்சல் என்று நினைக்காதீர்கள். யோசிக்க நேரமில்லாதபோது கொடுத்த வார்த்தைதான் கையில் இருக்கும்.

பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி பின்னுக்குத் தள்ளப்பட்ட சத்தம் கேட்டது. செல்லம்மாள் எழுந்து நின்றார்.

"முத்து" என்றார்.

கத்தவில்லை. காலையில் பிள்ளையை எழுப்புகிற குரல்.

"போதும் ராசா. எந்திரிய்யா."

முத்து கண்ணைத் திறந்தான். ஒரு கையை ஊன்றி எழுந்தான். சால்வை நழுவி விழுந்தது. நடு மேடையில் நிமிர்ந்து நின்றான். தலைகுனிய மறந்துவிட்டான், சும்மா நின்றான், அம்மா இருந்த பக்கம் பார்த்துக்கொண்டு.

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் சிரிப்புக்காகக் காத்திருந்தேன், வரவில்லை. பிலோமினா இரண்டு கைகளாலும் வாயை மூடிக்கொண்டிருந்தது தெரிந்தது. பிறகு ஜன்னல் பக்கத்திலிருந்து யாரோ ஒருவர் கைதட்டினார். அதன்பிறகு எல்லாரும்.

நான் கன்னியப்பனைப் பார்த்துத் தலையசைத்தேன். திரை விழுந்தது.

"நானே பயந்துட்டேன் சார்" என்றார், உள்ளங்கையை ஊதிக்கொண்டே. "அந்தம்மா கூப்ட்டப்பறம்தான் எனுக்கு மூச்சே வந்துச்சு."

மேடைக்குப் பின்னால் போனால் ஒருவரும் சந்தோஷமாக இல்லை. ராகவன் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். அவன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "தப்பு என்னோடதுடா, நான்தான் கண்ணாடியைக் கழட்டிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முத்து கோபமாக இருந்தான்.

"சார், இன்னும் நாலு வரி இருந்துச்சு சார். அவன் யோசிச்சுட்டு இருந்தான், சொல்லியிருப்பான். அதுக்குள்ள அம்மா கூப்பிட்டுட்டாங்க."

"நீ ஏன் எழுந்தாய்?"

"அம்மா கூப்பிட்டா எப்படி சார் படுத்திருக்கறது?" என்றான்.

தலைமை விருந்தினர் விழா முடிந்து கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் திட்டு வாங்கத் தயாராகப் போனேன். "கடைசி நான்கு வரியை வெட்டியிருக்கிறீர்கள்" என்றார். ஆமாம் சார் என்றேன். "அந்த இடம் கொஞ்சம் நீளம் என்று எனக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டு. வெளியே சொல்வதில்லை" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். எழுந்து நின்றதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு, பத்தாம் வகுப்புக்குப் போயிருந்த அதே பையன்களின் பெற்றோர் கூட்டத்தை நான் தமிழில் நடத்தினேன். அரை மணி நேரத்தில் முடியவில்லை. இரண்டேகால் மணி நேரம் ஆயிற்று. அச்சிட்ட பக்கம் எதுவும் கொடுக்கவில்லை. செல்லம்மாள் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் வணக்கம் சொல்லி வாயைத் திறக்குமுன் அவர் எழுந்து நின்றார்.

"சார்வாள், மொதல்ல ஒண்ணு சொல்லிருங்க. இந்தத் தடவ யாரு சாவுதா?"

நாற்பது பெற்றோரும் என்னைப் பார்த்தார்கள்.

"யாரும் இல்லை அம்மா. இது சிரிப்பு நாடகம். கல்யாணத்தில் முடிகிறது. மூன்று கல்யாணம், ஒரே மேடையில்."

அறையில் ஒரு நிம்மதி பரவியது. செல்லம்மாளும் உட்காரப் போனார். பாதி உட்கார்ந்தவர் மறுபடி எழுந்தார்.

"இது ஆம்பளப் புள்ளைய பள்ளிக்கூடம்லா. மூணு பொண்ணுக்கு எங்க போவிய?"

"பையன்களே பெண் வேஷம் போடுவார்கள் அம்மா. முத்துவைத்தான் ஒரு மணப்பெண்ணாக..."

"அப்பம் எம் புள்ள கழுத்துல இன்னொரு புள்ள தாலி கட்டுவானா?" என்றார்.

வைத்தியநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிலோமினா, "மோதிரம் மாத்தறதுன்னாலும் யோசிக்கணும் சார்" என்றார். பின் வரிசையில் ஒருவர் எழுந்து, கல்யாணம் எந்த மாதத்தில் வருகிறது என்று கேட்டார். நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். விழாவுக்கு இன்னும் முழுதாக நான்கு மாதம் இருந்தது.